நிரம்பிய ஊரில் ஒரு காலிப் பள்ளிக்கூடம்

அத்தியாயம் பதினொன்று

காட்டன்வுட் தொடக்கப் பள்ளியை மூடுவதா வேண்டாமா என்று செவ்வாய்க்கிழமை மாலை கல்வி வாரியம் வாக்கெடுக்கப் போகிறது என்ற சேதியைக் கேட்டுக்கொண்டு, கொரின் தொலைபேசியை வைத்ததைப் போன அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்துவிட்டது.

ரெட்வாட்டர் ஊரில் இப்போதெல்லாம் சூரியனுக்கு முன்னால் டீசல் வண்டிகள் எழுந்துவிடுகின்றன. டெக்ஸஸ், ஓக்லஹோமா, லூசியானா என்று எந்தெந்த மாநிலத்து நம்பர் பலகையோ மாட்டிய வண்டிகள், உறைபனியில் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டு வீட்டுக்கு வீடு நின்று உறுமும். பிறகு வரிசையாக வடக்கே போகும். அங்கே மான்கள் மேய்ந்த சமவெளியில் ஒரு பெரிய டேட்டா சென்டர் எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு வருடமாக ஊர் பிதுங்குகிறது. மளிகைக் கடையில் பால் தீர்ந்துபோகிறது. சலவைக் கடையில் வரிசை நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் மட்டும் பிள்ளைகள் இல்லை.

கொரின் ஸ்டாட்லர் அந்தப் பள்ளியின் தலைமையாசிரியை. அடுப்பங்கரையில் நின்றபடியே காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் கர்ட் மேசையில் உட்கார்ந்து, பான்கேக்கைத் தின்னாமல் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். நிலக்கரிச் சுரங்கத்தில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தவன். சுரங்கத்தை ஒரே நாளில் மூடிய பிறகு, அப்பாவின் வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்கிறான்.

கர்ட்டின் அப்பா வெர்ன், புல்தரைக்கு அந்தப் பக்கத்து வீட்டிலிருந்து வழக்கம்போலக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை மிதியடியில் தட்டினார்.

"இன்னைக்குத்தானே பஞ்சாயத்து?"

"ஆமா மாமா. சாயங்காலம்."

"ஊர்ல நிக்க இடமில்ல. இதுல பள்ளிக்கூடத்துக்கு ஆளில்லைங்கறாங்க. இத எங்க போய்ச் சொல்றது?"

"பர்ச் தெருவுல போய்ச் சொல்லலாம்" என்றாள் கொரின். "அங்க ஒன்பது வீடும் உங்களோடதுதான். ஒன்பதுலயும் குடும்பம் இருந்துச்சு. இப்ப எட்டுல வேலையாளுங்களுக்கு வாடகைக்கு விட்ட கட்டில்தான் இருக்கு."

வெர்ன் சிரித்தார். "காலங்காத்தால மருமக கொம்பு சீவிட்டா. டேய் கர்ட், அந்தச் சிரப்பை இந்தப் பக்கம் தள்ளு. வாய் இனிக்கட்டும்."

கர்ட் சிரப்பைத் தள்ளினான். யாரையும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு நீ எங்க போற?" என்று கொரின் அவனைக் கேட்டாள்.

"ஒரு வீட்டுல குழாய் உறைஞ்சிருக்கு. பார்த்துட்டு வரணும்."

வெர்ன் மகனை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காப்பிக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். கொரினுக்கு நேரமாகிவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழாய் எதுவும் உறையவில்லை. கர்ட் போனது பர்ச் தெருவின் கடைசியில் இருக்கும் நீல வீட்டுக்கு. அந்தத் தெருவில் குடும்பம் என்று மிச்சமிருந்தது அந்த ஒரு வீடுதான். ரூபன் பாகாவும் கர்ட்டும் சுரங்கத்தில் ஒரே ஷிஃப்ட். ரூபன் இப்போது டேட்டா சென்டருக்குச் சரளைக்கல் லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி இமெல்டா, கொரினின் பள்ளியில் சமையல்காரி. மூன்று பெண் பிள்ளைகள். மூவரும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள்.

கர்ட் போனபோது இமெல்டா சின்னவளின் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ரூபன் இருக்கானா?"

"அவரு இருட்டோடயே கிளம்பிட்டாருன்னு உனக்குத் தெரியும் கர்ட். தெரிஞ்சுதான் இப்ப வந்திருக்க." அவள் நிமிர்ந்தாள். "மரிசோல், தங்கச்சிங்கள வண்டியில ஏத்து. நான் வரேன்."

பிள்ளைகள் போகும்வரை கர்ட் காத்திருந்தான்.

"வீடு வேணும் இமெல்டா. ஏப்ரல் கடைசிக்குள்ள."

"ஜூன் வரைக்கும் விடு. பள்ளிக்கூடம் முடியட்டும். அதுக்கப்புறம் நான் உங்கிட்ட ஒரு நாள்கூடக் கேக்க மாட்டேன்."

"மே மாசம் ஆளுங்க வராங்க. பேசி முடிச்சாச்சு."

"எத்தனை பேரு?"

"பன்னெண்டு."

இமெல்டா திரும்பி அந்தக் கூடத்தைப் பார்த்தாள். ஒரு சோபா, ஒரு டிவி, சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகள். "எங்க அஞ்சு பேருக்கே இங்க மூச்சு முட்டும். பன்னெண்டு பேரை எங்க போடுவ? ஒருத்தன் மேல ஒருத்தனா?"

"ரெண்டு ஷிஃப்ட். பகல்ல ஆறு பேரு தூங்குவான், ராத்திரி ஆறு பேரு."

சொல்லிவிட்ட பிறகுதான், இதை இவளிடம் சொல்லியிருக்க வேண்டாமே என்று கர்ட்டுக்குத் தோன்றியது.

"எங்க போவீங்க?"

"ஹார்மன்ல எங்க அக்கா வீட்டு நிலவறை இருக்கு. மலையத் தாண்டி அவரு தினம் இங்க லாரி ஓட்ட வரணும். வேலை இங்கதானே இருக்கு, வீடுதானே இல்ல." கைப்பையைத் தோளில் மாட்டினாள். "கொரின் டீச்சருக்குத் தெரியுமா?"

கர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"இன்னைக்குச் சொல்லாத. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"எனக்கு வெக்கமா இருக்கு" என்றாள் இமெல்டா. "உனக்குப் பதிலா எனக்கு."

அன்றைக்குப் பள்ளியில் மதியச் சாப்பாடு சில்லி என்ற காரமான பீன்ஸ் குழம்பும், சினமன் ரோல் என்ற இனிப்புச் சுருள் ரொட்டியும். அது போடும் நாளில் ஒரு காலத்தில் வரிசை கூடத்தைத் தாண்டி வராந்தாவுக்கு வரும். இப்போது மேசைகளில் பாதியை மடித்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். இரண்டாம் வகுப்பையும் மூன்றாம் வகுப்பையும் ஒரே ஆசிரியை பார்த்துக்கொள்கிறாள். இசை அறையில் பழைய நாற்காலிகள் கிடக்கின்றன.

கொரின் மேசை மேசையாகப் போய்ப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டு வந்தாள். மரிசோல் பாகா சினமன் ரோலின் சுருளைப் பிரித்துப் பிரித்து நடுவில் இருப்பதைக் கடைசியில் சாப்பிடுகிறவள். அன்று அதைத் தொடவில்லை.

"என்னடி, இன்னைக்கு விரதமா?"

"நாங்க ஹார்மன் போறோம் மிஸ். பெரியம்மா வீட்டுக்கு. அங்க பள்ளிக்கூடம் பெரிய லாரிப் பெட்டிக்குள்ள இருக்காம். ஜன்னல் இருக்குமா மிஸ்?"

"யாரு சொன்னா, போறீங்கன்னு?"

பத்து வயதுப் பெண் பரிமாறும் இடத்தைப் பார்த்தது. இமெல்டா கரண்டியோடு நின்றிருந்தாள். தினமும் பிள்ளைகளைச் சீண்டிச் சிரித்துக்கொண்டே பரிமாறுகிறவள், அன்று தலையைக் குனிந்தே பரிமாறினாள்.

கொரின் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எப்போ?"

"ஏப்ரல் கடைசி."

"மாமா வந்தாரா?"

"இல்ல டீச்சர்." இமெல்டா கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். "கர்ட்தான். காலையில. உங்ககிட்ட இன்னைக்குச் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டான். நான் சொல்லல. பொண்ணு வாய விட்டுருச்சு."

குழாய் உறைந்திருக்கிறது என்று அவன் சொன்னபோது மாமா கோப்பைக்குள் முகத்தை ஒளித்தது இப்போதுதான் கொரினுக்கு உறைத்தது. போன வாரம் முழுக்க அவள் மாலை மாலை வீடு வீடாகப் போய், 'இந்த ஒரு வருஷம் பிள்ளைங்கள எங்கயும் மாத்தாதீங்க' என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் கர்ட்தான் சூப் சூடு பண்ணிக் கொடுத்தான். 'இன்னைக்கு எத்தனை வீடு?' என்று கேட்டான். அவள் பெயர் பெயராகச் சொன்னாள். பாகா வீட்டையும் சொன்னாள்.

கெயில் டார்மி வந்தபோது கொரின் தன் அறையில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். ரெட்வாட்டரின் எல்லாப் பள்ளிகளுக்கும் கெயில்தான் கண்காணிப்பாளர். இருவரும் ஒரே வருடம் ஆசிரியையாகச் சேர்ந்தவர்கள். வாக்கெடுப்புக்கு முன்னால் நேரில் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தாள்.

"நாலு பேரு மூடணும்கறாங்க கொரின். ஒருத்தர்தான் உன் பக்கம். நான் ஒளிச்சு வைக்க விரும்பல."

"ரெண்டு வருஷம் முன்னாடி இதே நாற்காலியில உக்காந்து நீ என்ன சொன்னே? நூறு வேலை வந்தா நாப்பது பிள்ளை வரும்னே. நடுநிலைப் பள்ளிக்குப் புதுசா ஒரு கட்டடமே சேத்துக் கட்டணும்னே. அதுக்குக் கடன் வாங்க ஓட்டுப் போடுங்கன்னு நானும் உன்கூடத் தெருத்தெருவா வந்தேன்."

"சொன்னேன். நிபுணருங்க சொன்னதச் சொன்னேன்." கெயில் நாற்காலியில் சாய்ந்தாள். களைத்துப்போயிருந்தாள். "வேலை வந்துச்சு. அவங்க சொன்னதுக்கு மேலயே வந்துச்சு. பிள்ளைங்கதான் வரல. கட்டிலை வாடகைக்கு எடுக்கறவன் பொண்டாட்டி பிள்ளைய ஊர்ல விட்டுட்டுத்தானே வருவான். இங்க இருந்த குடும்பங்க வாடகை தாங்காம ஹார்மனுக்குப் போயிடுச்சு. அங்க வகுப்பறை பத்தாம பெட்டி வண்டியில பாடம் நடக்குது. இங்க வகுப்பறைய நாம பூட்டி வைக்கறோம். ரெண்டு ஊரும் ஒரே காரணத்துக்காக அழுதுட்டிருக்கு."

"கிழக்கால புதுசா வீடு கட்டறாங்களே?"

"போய்ப் பாரு. எல்லாம் ஒத்தைப் படுக்கையறை. அடுக்கடுக்கா. பிள்ளைய அதுல அலமாரியிலதான் வளக்கணும்."

"டேட்டா சென்டர் கட்டி முடிச்சப்புறம்?"

"முடிஞ்சா உள்ள வேலை பாக்கப்போற ஆளுங்கள உன் பள்ளிக்கூட பஸ் ரெண்டுல ஏத்திடலாம். மிச்சப் பேரு அடுத்த மாநிலத்துக்கு அடுத்த கட்டடம் கட்டப் போயிடுவாங்க."

"அப்போ வீடெல்லாம் காலியாகும் கெயில். வாடகை இறங்கும். குடும்பங்க திரும்பி வரப் பாக்கும். தண்டவாளத்துக்குத் தெற்கால, நம்ம பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம்கூட இல்லைன்னா யாரு வருவா? இப்ப மூடறது இந்த வருஷத்துக்கு மட்டும் இல்ல."

"எனக்குத் தெரியாதா? ஆனா மாநில அரசு இந்த வருஷத்துத் தலைய எண்ணித்தான் பணம் கொடுக்குது. அஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற பிள்ளைக்காக இப்ப என்னால விளக்கு எரிய வைக்க முடியாது."

கெயில் எழுந்தாள். கதவருகே நின்றாள்.

"ஒண்ணு சொல்லட்டா. கோவிச்சுக்காத. பர்ச் தெரு யாருதுன்னு வாரியத்துல எல்லாருக்கும் தெரியும். நீ இன்னைக்கு எழுந்து பேசினா எவனாவது கேப்பான்."

"கேக்கட்டும்" என்றாள் கொரின்.

பள்ளி விட்டதும் நேராகப் பர்ச் தெருவுக்குப் போனாள். நடுவில் ஒரு வீட்டு வாசலில் வெர்ன் இரும்புக் கட்டில் சட்டங்களை இறக்கிக்கொண்டிருந்தார். எழுபத்தி நான்கு வயது. காற்று ஆளைத் தள்ளியது. அவர் நகரவில்லை.

"வா வா. ஒரு பக்கம் பிடி."

"பிடிக்கறதுக்கு வரல மாமா. பாகா வீட்டை விட்டுடுங்க. ஒரு வருஷம். அவ்வளவுதான் கேக்கறேன்."

"அந்த வீட்டை விட்டா உன் பள்ளிக்கூடம் நிக்குமா?"

கொரின் தெருக்கோடி நீல வீட்டைப் பார்த்தாள்.

"நிக்காது" என்றார் வெர்ன். சட்டத்தைப் படியில் சாய்த்தார். "சுரங்கம் மூடினப்ப இந்தத் தெருவுல எவனாலயும் வாடகை கொடுக்க முடியல. நான் ஒருத்தனையாவது துரத்தினேனா? கூரைய நானே ஏறி ஒட்டினேன். வரிய நானே கட்டினேன். அப்ப எவனும் வந்து 'வெர்ன், நீ ரொம்ப நல்லவன்டா'ன்னு சொல்லல. இப்ப நாலு காசு வர ஆரம்பிச்சதும் நான் ஊரைக் கெடுக்கறவன்."

"உங்கள யாரும்..."

"இரு. உன் பொண்ணு டெஸ் டென்வர்ல படிக்கறாளே, எந்தப் பணத்துல படிக்கறா? உன் சம்பளத்துலயா? சுரங்கம் மூடினதும் உன் புருஷன் ஒரு வருஷம் சோபாவ விட்டு எழுந்திருக்கல. இந்த ரெண்டு வருஷமா உங்க அடுப்பு எதுல எரியுது? இதோ, இந்தக் கட்டில்லதான்."

கொரின் அந்தக் கட்டில் சட்டத்தைப் பார்த்தாள். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் அவளை அடித்தது. கட்டில் வாடகைக்கு வந்த முன்பணத்தில் வீட்டுக் கடனைக் கட்டி முடித்தபோது அவள் மாமாவுக்கு ஆப்பிள் பை பலகாரம் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். அந்த வாரம்தான் பர்ச் தெருவில் முதல் குடும்பம் சாமானை ஏற்றியது. இரண்டையும் அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"கர்ட்டை ஏன் அனுப்பினீங்க?" என்றாள். "ரூபன் அவனோட சிநேகிதன். நீங்களே போயிருக்கலாமே."

"நான் அனுப்பலம்மா." வெர்ன் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினார். "ரூபன் வீட்டைக் கடைசியா பாத்துக்கலாம்னுதான் நான் சொன்னேன். அவன்தான் இப்பவே முடிச்சுடலாம்னான்."

கூட்டம் நடுநிலைப் பள்ளியின் புதுக் கட்டடத்தில் நடந்தது. வரப்போகும் பிள்ளைகளுக்காகக் கடன் வாங்கிக் கட்டியது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூட யாரும் உரிக்கவில்லை. நாற்காலிகள் நிறைந்து, பின்னால் ஆட்கள் நின்றார்கள். இமெல்டா வேலை உடையோடு வந்திருந்தாள். பக்கத்தில் ரூபன், முகமெல்லாம் சரளைத் தூசி. வெர்ன் நடு வரிசையில். கர்ட் கடைசியில், கதவை ஒட்டி.

கொரின் மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். கையில் காகிதம் எதுவும் இல்லை.

"பிள்ளைங்க குறைஞ்சு போச்சுன்னு சொல்றீங்க. உண்மைதான். ஆனா அவங்க பிறக்காமப் போகல. செத்தும் போகல. மலைக்கு அந்தப் பக்கம் பெட்டி வண்டியில உக்காந்து படிச்சிட்டிருக்காங்க. நாம அனுப்பி வச்சோம்."

"நாமன்னா யாரு, கொரின்?" கேட்டது டக் ரென்னர். வாரியத்தில் மூத்தவர், மாடு வளர்ப்பவர். கெயில் சொன்ன அந்த 'எவனாவது'. "பர்ச் தெருவுல முன்னாடி பஸ் நின்னா பத்து இருபது பிள்ளைங்க ஏறுவாங்க. இப்ப பஸ் அங்க நிக்கறதே இல்ல. அந்த வீடுங்க யாருது?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள்.

"எங்களோடது" என்றாள் கொரின். "எங்க மாமாவோடது. அதுல வர்ற காசுல நானும் சாப்பிடறேன். இன்னைக்குக் காலையில அந்தத் தெருவுல கடைசிக் குடும்பத்தையும் போகச் சொன்னோம். சொன்னது என் புருஷன்."

திரும்பிப் பார்க்காதவர்கள் இல்லை. கர்ட் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். ரூபன் மட்டும் அவனைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதனால எனக்குப் பேச யோக்கியதை இல்லைன்னா சொல்லுங்க, உக்காந்துடறேன்" என்றாள் கொரின். "ஆனா இந்தக் கட்டட வேலை முடியும். அந்த வண்டியெல்லாம் போயிடும். சுரங்கம் போன மாதிரி போயிடும். அன்னைக்கு இந்த ஊர்ல என்ன மிச்சம் இருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு ஓட்டுப் போடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

கைதட்டினார்கள். நிறையப் பேர் தட்டினார்கள். டக் ரென்னர்கூடத் தலையை ஆட்டினார். பிறகு கெயில் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். நாலுக்கு ஒன்று. ரென்னரும் மூடும் பக்கம்தான் கையைத் தூக்கினார். ஜூன் மாதத்தோடு காட்டன்வுட் தொடக்கப் பள்ளி முடிந்தது.

இமெல்டா அழவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடி, கிடைக்காமல் மூடினாள்.

கெயில் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்த விஷயத்தை வாசித்தாள். அவள் குரல் மாறியதைக் கொரின் கவனித்தாள்.

"காலியாகும் கட்டடத்தை விலைக்குக் கேட்டு இன்னைக்குச் சாயங்காலம் ஒரு விண்ணப்பம் வந்திருக்கு. தொழிலாளர் தங்குமிடமா மாத்தறதுக்கு. இரண்டு வாரம் கழிச்சுப் பொதுமக்கள் கருத்து கேட்டு முடிவு எடுக்கப்படும். விண்ணப்பிச்சவர், ஸ்டாட்லர்."

கூட்டம் மொத்தமும் வெர்னைப் பார்த்தது.

வெர்ன் வாயைத் திறந்து அப்படியே இருந்தார். மெதுவாக நாற்காலியில் திரும்பி, கடைசி வரிசையில் கதவருகே நின்ற மகனைப் பார்த்தார்.

"கர்ட் ஸ்டாட்லர்" என்று முடித்தாள் கெயில்.

வண்டி நிறுத்துமிடத்தில் காற்று பனித்தூளை வாரி அடித்தது. மேற்கே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கொரின் தன் வண்டியருகே போகும்போது கர்ட் பின்னாலேயே வந்தான்.

"வீட்டுக்கு வா. உக்காந்து சொல்றேன்."

"இங்கயே சொல்லு."

"நான் வாங்கலைன்னா கம்பெனிக்காரன் வாங்குவான். வாங்கி இடிச்சுத் தரைமட்டமாக்குவான். நான் இடிக்க மாட்டேன். கட்டடம் நிக்கும்."

"எப்போ எழுதி வச்ச?"

பொய் சொல்லலாமா என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஜனவரியில."

"ஜனவரியில மூடற பேச்சே இல்லையே, கர்ட். கெயிலுக்கே தெரியாது. வாரியத்துக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்ல" என்றான் அவன். மிகச் சாதாரணமாகச் சொன்னான். "எந்த வீட்டை எந்த மாசம் காலி பண்ணப் போறோம், எந்த வீட்டுல எத்தனை பிள்ளைன்னு எனக்குத்தானே தெரியும். கூட்டிப் பார்த்தேன். இந்த வருஷம் தாங்காதுன்னு தெரிஞ்சுது."

கொரின் வண்டியின் மீது கையை ஊன்றிக்கொண்டாள். கையுறை இல்லாத விரல்களில் இரும்புக் குளிர் ஏறியது.

"சுரங்கம் மூடினப்ப ஊர்லயே கடைசியாத் தெரிஞ்சுக்கிட்டவன் நான்" என்றான் கர்ட். "சாப்பாட்டு டப்பாவோட போய் வாசல்ல நின்னேன், கேட் பூட்டியிருந்துச்சு. அப்புறம் அஞ்சு வருஷம் அப்பாகிட்ட கைநீட்டிச் சம்பளம் வாங்கினேன். இன்னொரு தடவை அப்படி நிக்க மாட்டேன்னு முடிவு பண்ணேன். இந்தத் தடவையாவது எனக்கு முன்னாடியே தெரியணும்னு நினைச்சேன். அது தப்பா?"

அவளுக்கு ஒரு கணம் அவன் மேல் இரக்கம் வந்தது. அந்த நாளில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அவன் வீட்டுக்குத் திரும்பி வந்ததை அவள்தான் பார்த்தாள். அந்த இரக்கத்தோடுதான் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"நான் வீடு வீடா போயிட்டு வந்து உங்கிட்ட பேரு சொன்னேனே, அப்ப ஏன் கேட்டுக்கிட்ட?"

அவன் பூட்ஸ் முனையால் பனியைத் தள்ளினான்.

"ரூபன் வீட்டைக் கடைசியா பாத்துக்கலாம்னு மாமா சொன்னாராம். நீதான் அவசரப்பட்டியாம்."

"அந்தப் பிள்ளைங்க இருந்தா வாக்கெடுப்பு தள்ளிப் போயிடுமோன்னு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான்.

"வகுப்பறையில எத்தனை கட்டில் போடலாம்?"

"கொரின்..."

"சொல்லு. கணக்குப் போட்டிருப்பல்ல."

"எட்டு."

"என் அறையில?"

"ரெண்டு" என்றான் கர்ட்.

யோசிக்காமல் சொல்லிவிட்டான். கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவள் அறை ஜன்னலில் காற்று புகுகிறது என்று, தானே வந்து சரிசெய்து கொடுத்தான். அன்றைக்கு அவன் பின்பாக்கெட்டில் அளவு நாடா இருந்தது. ஜன்னலை அளக்கத்தான் என்று அவள் நினைத்திருந்தாள். அவனுக்குக் காப்பி கலந்துகொண்டு வந்து கொடுத்தாள்.

கொரின் வண்டிக் கதவைத் திறக்கவில்லை. அவனைத் தாண்டி நடந்தாள். கூட்டம் கலைந்து வெளியே வந்துகொண்டிருந்தது. ரூபனும் இமெல்டாவும் ஒதுங்கி வழிவிட்டார்கள். வாசல் விளக்கின் கீழே வெர்ன் ஒற்றையாய் நின்று, மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் அவள் நிற்கவில்லை.

உள்ளே கெயில் மைக்கின் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த விற்பனை விஷயத்துல யாரு வேணாலும் எதிர்த்துப் பேசலாமா?"

"ஊர்க்காரங்க யாரு வேணாலும் பேசலாம்."

"விண்ணப்பிச்சவனோட பொண்டாட்டி?"

கெயிலின் கை அப்படியே நின்றது. "கொரின், வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கிட்டு வந்து சொல்லு."

"எந்த வீட்டுக்கு?" என்றாள் கொரின். "என் பேரை முதல்ல எழுது."